அப்பாவோட ரிவால்வர் என் பேருக்கு வந்துடுச்சு, எந்த ஷூட்டிங் கிளப்புல சேரட்டும்?

பொள்ளாச்சி பக்கத்துலருந்து ஒரு சகோதரி நீளமா ஒரு லெட்டர் எழுதியிருக்காங்க. பேரு, ஊரு எல்லாத்தையும் எடுத்துட்டு விஷயத்த மட்டும் சொல்லிடறேன். வயசு 36. அப்பா ஆரம்பிச்ச கொப்பரைக் களத்த இப்ப இவங்கதான் பாத்துக்கறாங்க. அப்பா 1994-ல லைசென்ஸ் எடுத்து ஒரு .32 ரிவால்வர் வாங்கினார், அப்பல்லாம் வியாபாரப் பணம் மொத்தமும் ரொக்கம்தான், ராத்திரி வண்டில எடுத்துட்டு வரணும். இப்ப அவருக்கு 73 வயசு, பக்கவாதம் வந்து வலது கை சரியா வரல, அதனால மக பேர வாரிசா எழுதிக் குடுத்துட்டார். கலெக்டர் ஆபீஸ்லருந்து புது லைசென்ஸும் வந்துடுச்சு. பயிற்சி சான்றிதழுக்காக ஒரு நாள் போய் சில ரவுண்டு சுட்டதோட சரி, "கைல எடுத்தாலே படபடங்குது, இத ஒழுங்கா கத்துக்காம வீட்ல வெச்சிருக்கறதே தப்புன்னு தோணுது" அப்படின்னு எழுதியிருக்காங்க.

அவங்க முன்னாடி மூணு வழி இருக்கு. ஒண்ணு, கோயம்புத்தூர்ல இருக்கற ஒரு பழைய ரைஃபிள் கிளப். ரெண்டாவது, வீட்லருந்து பத்து நிமிஷத்துல புதுசா வந்திருக்கற ஒரு ஏசி ஷூட்டிங் அகாடமி, அங்க இருக்கற கோச் "ஞாயித்துக்கிழமை உங்க ரிவால்வரையே எடுத்துட்டு வாங்க மேடம், பின்னாடி காம்பவுண்டுல சுட்டுப் பழகலாம்"னு சொன்னாராம். மூணாவது, ஆனைமலை அடிவாரத்துல பங்காளி ஒருத்தரோட தோப்பு, "நம்ம எடம்தான, எவன் கேப்பான்"ங்கறார் அவர். பழைய கிளப்புல இருந்தவங்க மட்டும் மூஞ்சிய உர்ருனு வெச்சுக்கிட்டு, "ரிவால்வர இப்போதைக்கு எடுத்துட்டு வராதீங்க, மொதல்ல ஏர் பிஸ்டல் கத்துக்குங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம் (காத்து அழுத்தத்துல பெல்லட்டுங்கற சின்னக் குண்ட சுடற பிஸ்டல் அது). பொம்பளைன்னு எளப்பமா பேசறாங்கன்னு இவங்களுக்கு வருத்தம். இது போக கிளப் மெம்பர் ஆயிட்டா துப்பாக்கிய கூடவே வெச்சுக்கலாமா, தோட்டா நெறைய கெடைக்குமா, 13 வயசு மகளும் கத்துக்கலாமா, அண்ணன் கேட்டா குடுக்கலாமான்னு வரிசையா கேள்விங்க.

சகோதரி, நான் வக்கீலுங்க, கோச் இல்ல. ஆனா லைசென்ஸ் ரத்து ஆகி ஃபைலத் தூக்கிட்டு வர்றவங்கள நெறைய பாத்திருக்கேன், அதுல முக்காவாசிப் பேரு கெட்டவங்க கெடையாது, "இதுல என்ன இருக்கு"ன்னு ஒரு நாள் அசட்டையா இருந்தவங்கதான். நீங்க லைசென்ஸ் கெடச்சதும் பீரோல வெச்சுப் பூட்டிட்டு மறந்துடாம கத்துக்கணும்னு நெனச்சதே பெரிய விஷயம். உங்க கேள்விக்கு என் பதிலும் மொதல்லயே சொல்லிடறேன்: உங்ககிட்ட "முடியாது"ன்னு சொன்ன அந்தப் பழைய கிளப்புக்கே போங்க. ஏன்னு கீழ சொல்றேன், ஆனா அதுக்கு முன்னாடி பேப்பர் வேலை கொஞ்சம் இருக்கு.

மொதல்ல அந்த லைசென்ஸ ஒரு தடவ முழுசா படிங்க

"பையன் இருக்கறப்ப பொண்ணுக்கு எப்படி மாத்தினாங்க"ன்னு சொந்தக்காரங்க கேக்கறதா எழுதியிருக்கீங்க. 2016 ஆயுத விதிகள் வாரிசுன்னுதான் சொல்லுது, ஆண் வாரிசுன்னு சொல்லல. லைசென்ஸ்தாரருக்கு 70 வயசு ஆனாலோ, இல்ல 25 வருஷம் அந்த ஆயுதத்த வெச்சிருந்தாலோ, எது மொதல்ல வருதோ அப்பவே அவர் கை காட்டற வாரிசுக்கு லைசென்ஸ் குடுக்கலாம். உங்கப்பா விஷயத்துல ரெண்டுமே பொருந்துது. கல்யாணம் ஆன பொண்ணுங்கறதுனால அது மாறாது. அண்ணனுக்கு மனசுல வருத்தம் இருந்தா அது குடும்ப விஷயம், சட்டத்துல அவருக்கு இதுல பிடி ஒண்ணும் இல்ல.

உங்க தப்பான நெனப்பு வேற எடத்துல இருக்கு. லைசென்ஸ் கைல இருந்தா எங்க வேணா சுட்டுப் பழகலாம்னு நெனச்சுட்டு இருக்கீங்க. லைசென்ஸ்ங்கறது அந்தத் துப்பாக்கிய வாங்க, வெச்சுக்க, எந்த எல்லைக்குள்ள கொண்டு போகலாம்னு குடுக்கற அனுமதி, அதுல எந்தக் காரணத்துக்காகன்னும் எழுதியிருக்கும். உங்களோடது தற்காப்புக்குன்னு வாங்கினது. அதனால அத எடுத்து வெச்சு உக்காந்து நாலு விஷயம் பாருங்க: என்ன நோக்கம்னு போட்டிருக்கு, எந்த ஏரியாவுக்கு செல்லும், ஒரு நேரத்துல எத்தன தோட்டா கைல வெச்சுக்கலாம், வருஷத்துக்கு எத்தன வாங்கலாம். யூ.ஐ.என்.னு சொல்ற தனி அடையாள நம்பர் சரியா ஏறியிருக்கான்னும் பாத்துக்குங்க, அது இல்லாத லைசென்ஸுக்கு மதிப்பு கெடையாது. 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்பறம் லைசென்ஸ் 5 வருஷத்துக்கு செல்லும், முன்னாடி மாதிரி 3 வருஷம் இல்ல, முடியற தேதிய காலண்டர்ல இப்பவே வட்டம் போட்டு வெச்சுடுங்க.

அப்பறம் சேரப் போற கிளப் முடிவானதும், கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு லெட்டர் எழுதுங்க, இன்ன கிளப்போட ரேஞ்சுல பயிற்சிக்காக என் ரிவால்வர கொண்டு போக வேண்டியிருக்கு, அத லைசென்ஸ்ல குறிச்சுக் குடுங்கன்னு. நேர்ல குடுத்தா சீல் வெச்ச காப்பி வாங்கிக்குங்க, தபால்ல அனுப்பினா பதிவுத் தபால். இதெல்லாம் எதுக்குன்னு தோணும். லைசென்ஸ் நிபந்தனைய மீறினா ஆயுதச் சட்டம் 30-வது பிரிவுல 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல அபராதம், அதவிட பெருசு 17-வது பிரிவு, அதுல லைசென்ஸயே நிறுத்தி வெக்கலாம், ரத்து பண்ணலாம். மேல்முறையீடு இருக்கு, ஆனா அது முடியற வரைக்கும் துப்பாக்கி ஸ்டேஷன்லதான் கெடக்கும், நீங்க ஆபீஸ் ஆபீஸா அலையணும்.

பங்காளி தோப்பு: இத இன்னிக்கே மறந்துடுங்க

இதுல நான் ரெண்டு பக்கமும் பேசப் போறதில்ல. தென்ன மரத்துல தோட்டா பட்டா எந்தப் பக்கம் தெறிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது, வரப்புல ஆடு மேய்க்கறவங்க இருப்பாங்க, பக்கத்துத் தோட்டத்துல காய் போடறவங்க இருப்பாங்க. ரேஞ்சுல டார்கெட்டுக்குப் பின்னாடி தோட்டாவ வாங்கிக்கறதுக்குன்னே மண் மேடோ இரும்புப் பொறியோ கட்டியிருப்பாங்க, பக்கவாட்டுலயும் தடுப்பு இருக்கும். தோப்புல என்ன இருக்கு? மத்தவங்க உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வர்ற மாதிரி அசட்டையா சுட்டா 25-வது பிரிவோட 9-வது உட்பிரிவுல 2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 1 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும் சேத்து. வட நாட்டுல கல்யாண வீட்ல மேல பாத்து சுட்டு உயிர் போறத தடுக்கத்தான் 2019-ல இத கொண்டாந்தாங்க, ஆனா சட்டம் கல்யாண வீட்டுக்கு மட்டும்னு சொல்லல.

"எல்லாரும் ஆளுக்கு ரெண்டு ரவுண்டு சுடலாம்"னு பங்காளி சொன்னதா எழுதியிருக்கீங்க பாருங்க, அது இன்னும் மோசம். லைசென்ஸ் இல்லாதவங்க கைல துப்பாக்கியக் குடுக்கறதே தனிக் குற்றம், 29-வது பிரிவு. குடுத்தவங்க மேலதான் கேஸ், அதாவது உங்க மேல. சொந்தக்காரங்கங்கறது அங்க எடுபடாது.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு, பொள்ளாச்சி பக்கம் நெறைய பேருக்கு இது தெரியறதில்ல. ஆனைமலை 1976-லருந்து சரணாலயம், 2007-லருந்து புலிகள் காப்பகம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 31-வது பிரிவுப்படி சரணாலயத்துக்குள்ள ஆயுதத்தோட நுழையணும்னா எழுத்து மூலமா முன் அனுமதி வேணும். 34-வது பிரிவு சரணாலயத்துலருந்து 10 கிலோமீட்டருக்குள்ள குடியிருந்து ஆயுத லைசென்ஸ் வெச்சிருக்கறவங்க வனத்துறைகிட்ட பேரப் பதிவு பண்ணணும்னு சொல்லுது, அந்த எல்லைக்குள்ள புது லைசென்ஸ் குடுக்கறதுக்கு தலைமை வனஉயிரினக் காப்பாளரோட ஒப்புதலும் வேணும். உங்க வீடு அந்த 10 கிலோமீட்டருக்குள்ள வருதான்னு பாருங்க. வந்தா அப்பா பேர்ல பதிவு இருந்துச்சா, உங்க ஃபைல்ல அந்த ஒப்புதல் இருக்கான்னு கலெக்டர் ஆபீஸ் ஆயுதப் பிரிவுல கேட்டு, இல்லேன்னா இப்பவே சரி பண்ணிக்குங்க. அடிவாரத்துல ஒரு சத்தம் கேட்டாலே வனத்துறை ஜீப் வந்து நிக்கும், காட்டுப் பன்றிய சுட்டீங்களான்னுதான் மொத கேள்வி. பன்றித் தொல்லைக்குத்தான் சுட்டேன்னு சொல்லித் தப்பிக்கலாம்னு பங்காளி சொன்னா அதையும் காதுல வாங்காதீங்க, அத நம்மளா சுட முடியாது, வனத்துறைகிட்டதான் போகணும்.

ரெண்டு கிளப்பயும் எப்படி எடை போடறது

கிளப்னு சொன்னதும் நம்மூர்ல சீட்டாட்டமும் பாரும்தான் ஞாபகத்துக்கு வரும், ரைஃபிள் கிளப் அப்படி இல்ல. சென்னை, கோவை, மதுரை, திருச்சின்னு ஊருக்கு ஊரு ரைஃபிள் கிளப் இருக்கு, பல எடத்துல போலீஸ் கமிஷனரோ கலெக்டரோதான் தலைவரா இருப்பாங்க. இதுங்க மாநில ரைஃபிள் அசோசியேஷன்ல இணைஞ்சிருக்கும், மாநில அசோசியேஷன் என்.ஆர்.ஏ.ஐ.-ல, அதாவது 1951-ல ஆரம்பிச்ச தேசிய ரைஃபிள் சங்கத்துல. போட்டிக்குப் போகணும்னா இந்த வழியாத்தான் போக முடியும். அதனால எந்த எடம்னாலும் மொத கேள்வி, நீங்க எதுல இணைஞ்சிருக்கீங்க, உங்க ரேஞ்சுக்கு ஆயுத விதிப்படி லைசென்ஸ் இருக்கா, இருந்தா அதுல ஏர் பிஸ்டல் மட்டுமா இல்ல தோட்டா போட்டு சுடற துப்பாக்கியும் சுடலாமா? காப்பியக் காட்டுங்கன்னு கேளுங்க. ஒழுங்கான எடமா இருந்தா கோவிச்சுக்க மாட்டாங்க. தனியார் அகாடமின்னா எந்தக் கிளப் மூலமா பசங்கள போட்டிக்கு அனுப்பறீங்கன்னும் சேத்துக் கேளுங்க, நல்லா நடத்தற அகாடமிங்க இதுக்கு டக்குனு பதில் சொல்லிடுவாங்க.

பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை காலைல போய் பின்னாடி பெஞ்சுல சும்மா உக்காந்து பாருங்க. சுடறது யாருன்னு பாக்காதீங்க, நிறுத்தறது யாருன்னு பாருங்க. ஒவ்வொரு சுத்துக்கும் ரேஞ்ச் ஆபீசர்னு ஒருத்தர் இருக்கணும், லோடு, ஸ்டார்ட், ஸ்டாப், அன்லோடுன்னு அவர் குரல் மட்டும்தான் கேக்கணும், ஸ்டாப்னு சொன்ன செகண்டுல அத்தன பேரும் கைய எடுத்துடணும். யாராவது டார்கெட் பக்கம் நடக்கறப்ப இங்க ஒருத்தர் துப்பாக்கியத் தொட்டுக்கிட்டு இருந்தார்னா, நீங்க பேக எடுத்துட்டு கெளம்பிடலாம். துப்பாக்கி காலியா இருக்குன்னு காட்ட கலர் கொடி மாதிரி ஒண்ணு சொருகி வெக்கறாங்களா, தோட்டா எடுத்ததுக்கும் காலி ஆனதுக்கும் ரெஜிஸ்டர்ல கணக்கு எழுதறாங்களா, கண்ணாடியும் காதுக்கு மஃப்பும் இல்லாம யாரயாவது உள்ள விடறாங்களா. பெரிய மனுஷன் ஒருத்தர் வந்து விதிய மீறினா அவரக் கண்டிக்கறாங்களா இல்ல பல்லக் காட்டறாங்களாங்கறதுதான் எனக்கு முக்கியம். நம்ம ஊர்ல கிளப் கெட்டுப் போறது அங்கதான்.

இப்ப அந்தக் கோச் சொன்னத திரும்பப் படிங்க. "பின்னாடி காம்பவுண்டுல சுட்டுப் பழகலாம்." 10 மீட்டர் ஏர் பிஸ்டல் ஹால் வெச்சிருக்கற எடத்துக்கு .32 ரிவால்வர் சுடற ரேஞ்ச் எங்கருந்து வந்துச்சு? காம்பவுண்டு செவரு தோட்டாவ தாங்கறதுக்கு கட்டினது கெடையாது. அவர் நல்ல மனுஷனா இருக்கலாம், உங்கள சேத்துக்கணும்ங்கற ஆசைல சொல்லியிருக்கலாம், ஆனா துப்பாக்கி விஷயத்துல வாடிக்கையாளர் மனசு நோகக் கூடாதுன்னு நெனக்கறவர்கிட்ட நான் என் கட்சிக்காரர அனுப்ப மாட்டேன். ஏர் பிஸ்டலுக்கு மட்டும் அங்க போகலாமான்னு கேப்பீங்க, பத்து நிமிஷ தூரம், ஏசி வேற. மேல சொன்னதெல்லாம் உக்காந்து பாத்து திருப்தியா இருந்தா வாரத்துல ரெண்டு நாள் அங்க, ஞாயித்துக்கிழமை கோயம்புத்தூர்னு கூட வெச்சுக்கலாம், சட்டத்துல தடை இல்ல. எனக்கு மனசு ஒப்பல, அவ்வளவுதான்.

பழைய கிளப்புல உங்கள எளப்பமா பேசினதா நெனக்கறீங்க. முகத்த அப்படி வெச்சுக்கிட்டுப் பேசினது தப்புதான். ஆனா அம்மிணி, அவங்க சொன்ன விஷயம் சரி. ஆம்பளைங்க போனாலும் ஒழுங்கான கிளப்புல அதத்தான் சொல்லுவாங்க. நீங்களே கை படபடங்குதுன்னு எழுதியிருக்கீங்க, அந்தப் படபடப்போட ரிவால்வர எடுத்தா சத்தத்துக்கும் உதைக்கும் பயந்து, வெடிக்கறதுக்கு முன்னாடியே மணிக்கட்டு கீழ எறங்கும், கண்ணு தானா மூடிக்கும், அது ஒரு தடவ பழக்கமாயிடுச்சுன்னா விடவே விடாது. ஏர் பிஸ்டல்ல சத்தமும் இல்ல உதையும் இல்ல, நிக்கறது, மூச்சு, குறி, ட்ரிகர இழுக்கற விதம் இது மட்டும்தான், பண்ற தப்பு அப்பட்டமா தெரியும். கார் வாங்கினவங்க மொத நாளே சொந்தக் கார எடுத்துட்டு அவினாசி ரோட்டுல ஏற மாட்டாங்க இல்ல, டிரைவிங் ஸ்கூல் வண்டிலதான் கத்துக்குவாங்க, அது மாதிரிதான்.

ஆனா பொம்பளையா நீங்க கேக்க வேண்டியதக் கேட்டே ஆகணும். லேடீஸ் மெம்பருங்க எத்தன பேர் தொடர்ந்து வர்றாங்க, டாய்லெட் ஒழுங்கா இருக்கா, கத்துக் குடுக்கறப்ப கையப் புடிச்சு நிமித்தறதுக்கு முன்னாடி கேட்டுட்டு செய்யறாங்களா, புகார்னா யார்கிட்ட குடுக்கறது. அங்க வர்ற ஒரு லேடி மெம்பர்கிட்ட தனியா அஞ்சு நிமிஷம் பேசிட்டீங்கன்னா பாதி தெரிஞ்சுடும். 40 கிலோமீட்டர் தூரத்தப் பத்திக் கவலைப்படறீங்க, வாரம் ஒரு தடவ போதும், மாசத்துக்கு ஒரு தடவ போய் மூணு மணி நேரம் சுட்டுத் தள்றத விட வாரா வாரம் ஒரு மணி நேரம் நல்லது. சேர்ற கட்டணம், வருஷ சந்தா, டார்கெட்டுக்கும் பெல்லட்டுக்கும் தனியா எவ்வளவு எல்லாத்தையும் எழுத்துல வாங்கிக்குங்க, ரசீது இல்லாம "டெவலப்மெண்ட் ஃபண்டு"ன்னு எதாவது கேட்டா எங்க போகுதுன்னு கேளுங்க.

உங்க ரிவால்வர் எதுக்கு ஆகும், எதுக்கு ஆகாது

போட்டிக்கு இது ஆகாது. கான்பூர் ஃபேக்டரி .32 ஆறு ரவுண்டு ரிவால்வர், குட்டை பேரல், ட்ரிகர் கனம், கிட்டத்துல தற்காப்புக்குன்னு செஞ்சது. ஏர் பிஸ்டல் போட்டில 10 மீட்டர் தூரத்துல இருக்கற 10 பாயிண்ட் வட்டம் வெறும் 11.5 மில்லிமீட்டர், ட்ரிகர் 500 கிராம் எடைய தாங்கினாப் போதும். 2024 பாரிஸ்ல மனு பாக்கர் ரெண்டு வெண்கலம் வாங்கினாங்களே, அதெல்லாம் அந்த 10 மீட்டர்லதான். அந்த மாதிரி ஏர் பிஸ்டலுக்கு, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்குள்ள, பெல்லட் வெளிய வர்ற சக்தி 20 ஜூலுக்குள்ள இருந்தா, ஆயுத லைசென்ஸே வேணாம். நல்லதா வாங்கணும்னா லட்சத்தத் தாண்டும், அதனால அவசரப்படாதீங்க, கிளப் துப்பாக்கியிலயே கத்துக்குங்க. கிளப்புல யாராவது "ரினௌன்ட் ஷாட் ஆயிட்டா இம்போர்ட்டட் பிஸ்டல் வாங்கலாம், தோட்டா கூட கெடைக்கும்"னு சொல்லுவாங்க, அது தேசிய அளவுல ஸ்கோர் அடிச்சவங்களுக்கு, இப்ப உங்களுக்கு அந்தப் பேச்சே வேணாம். சாதாரண கிளப் மெம்பர் கார்டு உங்க லைசென்ஸ்ல இருக்கற தோட்டா எண்ணிக்கைய ஒண்ணு கூட ஏத்தாது.

வாட்ஸ்அப் குரூப்புல "தோட்டா வேணுமா சிஸ்டர்"னு ஒருத்தர் கேட்டார்னு எழுதியிருக்கீங்க. அந்தக் குரூப்ப விட்டு வெளிய வந்துடுங்க. லைசென்ஸ் உள்ள கடைல, உங்க லைசென்ஸ்ல பதிஞ்சு, பில்லோட வாங்கினது தவிர ஒரு ரவுண்டு வீட்ல இருந்தாலும் அது லைசென்ஸ் இல்லாம வெச்சிருந்த கணக்குதான், 2019-க்கு அப்பறம் அதுக்கு கம்மியே 2 வருஷம். சுட்ட காலித் தோட்டாவயும் தூக்கிப் போடாம எடுத்து வெச்சுக்குங்க, அடுத்த தடவ வாங்கப் போறப்ப சில எடத்துல கேப்பாங்க.

கிளப் கார்டு இருந்தா கூடவே வெச்சுக்கிட்டுப் போலாமான்னா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. எங்க கொண்டு போகலாம்ங்கறது லைசென்ஸ் சொல்றது மட்டும்தான். பொது எடத்துல உறைக்குள்ள மூடித்தான் இருக்கணும், எடுத்துக் காட்டக் கூடாது. இன்னொண்ணு, ரேஞ்சுல பேப்பர்ல பத்துக்குப் பத்து வாங்கினாலும் அது தற்காப்புப் பயிற்சி ஆயிடாது. பழைய ஐ.பி.சி.-க்குப் பதிலா 2024 ஜூலை 1-லருந்து அமலுக்கு வந்த பி.என்.எஸ்.-ல, அதாவது பாரதிய நியாய சன்ஹிதாவுல, தற்காப்பு உரிமை 34-லருந்து 44 வரைக்கும் இருக்கு, அதுல 37-வது பிரிவு போலீஸ் உதவி தேட நேரம் இருந்தா அந்த உரிமை இல்ல, தேவைக்கு மேல காயப்படுத்தவும் கூடாதுன்னு சொல்லுது. பணப் பையப் புடுங்கிட்டு ஓடறவன் முதுகுல சுட்டுட்டு தற்காப்புன்னு சொல்றது கோர்ட்ல ரொம்ப கஷ்டம். உங்க வியாபாரத்துல இப்ப பாதிக்கு மேல பேங்க் வழியாவே வருதுன்னு நீங்களே சொல்றீங்க, மீதியவும் அப்படி மாத்திட்டா இந்தப் பேச்சே இல்ல.

பொண்ணு, வீடு, வண்டி

21 வயசுக்குக் கீழ யாரும் துப்பாக்கி வெச்சிருக்கவோ எடுத்துட்டுப் போகவோ கூடாதுங்கறது பொது விதி, ஆனா பயிற்சிக்கு விலக்கு இருக்கு, 12 வயசு முடிஞ்சவங்க மேற்பார்வையில கத்துக்கலாம். அதனால உங்க மக அதே கிளப்புல ஏர் பிஸ்டல் தாராளமா கத்துக்கலாம், உங்கள விட சீக்கிரம் கத்துக்குவா பாருங்க. கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன், புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் மாதிரி ஒலிம்பிக் வரைக்கும் போனவங்க நம்மள்லயும் இருக்காங்க. உங்க ரிவால்வர மட்டும் அவ தொடக் கூடாது, கிளப்புல கூட.

மூடின ரேஞ்சுல ரிவால்வர் சுடறப்ப ஈயத் தூசி பறக்கும். காத்து வெளிய போற வசதி இருக்கான்னு பாருங்க, உள்ள எதுவும் சாப்பிடாதீங்க, முடிஞ்சதும் சோப்புப் போட்டு கை மூஞ்சி கழுவுங்க, அந்தத் துணியோட வீட்ல சின்னக் கொழந்தைங்க இருந்தா தூக்காதீங்க.

வீட்ல இப்ப பீரோல பொடவைக்கு அடியில வெச்சிருக்கறதா எழுதியிருக்கீங்க. லைசென்ஸ் வாங்கறப்ப பாதுகாப்பா வெச்சுக்கறேன்னு உறுதிமொழி குடுத்திருக்கீங்க, அது அப்பா பழக்கத்துல வெச்சிருந்த எடம், உங்களுக்கு ஆகாது. செவத்துல போல்ட் போட்ட ஒரு இரும்பு சேஃப், தோட்டா வேற பூட்டுல, சாவி உங்ககிட்ட மட்டும். கிளப்புக்குப் போறப்ப காலி பண்ணி பூட்டின பெட்டில, தோட்டா தனியா, ஒரிஜினல் லைசென்ஸ் கைல, நேரா போய் நேரா வாங்க. வழியில ஜவுளிக் கடைல எறங்கி கார்ல விட்டுட்டுப் போற வேலை வேணாம். தேர்தல் அறிவிச்சா ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும், வந்ததும் குடுத்துட்டு ரசீது வாங்கிக்குங்க, அந்த மாசங்கள்ல ஏர் பிஸ்டல் பயிற்சி நடந்துக்கிட்டே இருக்கும்.

கடைசியா அண்ணன். நீங்க வெளியூர் போறப்ப "எங்க வீட்ல வெச்சுட்டுப் போ"ன்னு கேக்கறார்னா முடியாதுன்னு சொல்லிடுங்க, அவர் பேர் அந்த லைசென்ஸ்ல இல்ல. ரொம்ப நாள் வீடு பூட்டியிருக்கும்னா லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலயோ ஸ்டேஷன்லயோ ஒப்படைச்சு ரசீது வாங்குங்க. ஊர் போறதுக்கு மட்டும் இல்ல, வீட்ல யாராவது மனசு ஒடஞ்சு இருக்காங்க, பெரிய சண்ட ஓடிக்கிட்டிருக்கு, அப்பா படுக்கையில கெடந்து விரக்தியா பேசறாருன்னாலும் இதே வழிதான், யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்ல. அப்பாவுக்கு சேஃப் சாவி எங்க இருக்குன்னும் தெரிய வேணாம். இந்த வாரம் சேஃப் வாங்கிட்டு, கலெக்டர் ஆபீஸ்ல அந்த வனத்துறைப் பதிவ விசாரிங்க. கிளப் ஃபாரத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அவங்க விதிமுறைப் புத்தகத்த வாங்கி எனக்கு போட்டோ எடுத்து அனுப்புங்க, படிச்சுட்டு சொல்றேன்.